காலிக் கோட்டையில் ஒரு முற்றம்

காலிக்குப் புறப்பட்ட அன்று என் கைப்பையில் ஒரு வீட்டுப் பிளான் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூத்த மகளுக்குக் கட்டவிருக்கும் வீடு. பத்துப் பேர்ச் காணியில் இரண்டு தட்டு. மொத்தம் 3,400 சதுர அடி. ஐந்து படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, கீழே ஒரு ஹோல், மேலே ஒரு ஹோல், இரண்டு குசினி, வாசலில் தூண் வைத்த போர்ட்டிக்கோ.

கிழக்கிலே பெண் பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டுக்காகத்தான் என் கணவர் பதினொரு வருடமாகக் கட்டாரில் இருக்கிறார். பிளானைப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு வருசம் இருந்தா முடிச்சிரலாம்" என்று போனில் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் சலிப்பு இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது.

காலிக் கோட்டைக்குள் என் சாச்சியின் மகள் வாழ்கிறார். எனக்கு ராத்தா முறை. எங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வாழ்ந்தவர். "ஒரு தரமாவது வந்து பாருங்க" என்று வருடக் கணக்காக அழைத்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொத்துவில், மொனராகலை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று ஒரு பகல் முழுவதும் போய், மஃரிபுக்குச் சற்று முன்னர் கோட்டை வாசலில் இறங்கினோம்.

மதிலுக்குள் ஓர் ஊர்

காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் தொடங்கினார்கள். 1640 ஆம் ஆண்டில் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்தான் இன்று நாம் காணும் பெரும் மதிலையும் கொத்தளங்களையும் கட்டி முடித்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்தபோது வெளியே காலி நகரம் பட்ட பாட்டை நாம் அறிவோம். கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவுக்கு இந்த மதில்தான் காத்தது.

இதை ஒரு பழைய நினைவுச் சின்னம் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு, உள்ளே ஓர் ஊர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்தது. வெளிச்ச வீட்டின் அருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1904 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே எண்ணத் தோன்றும். பிறை தெரிந்த பின்னர்தான் பள்ளி என்று புரியும். பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இந்தக் கோட்டையில் 1892 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதுதான். மஃரிப் பாங்கு சொன்னதும் சந்துகளிலிருந்து தொப்பி அணிந்த சிறுவர்கள் ஓடி வந்தார்கள்.

ராத்தாவின் வீடு ஒரு சிறிய வீதியில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேற் இல்லை. போர்ட்டிக்கோ இல்லை. வீதியை ஒட்டித் தூண் வைத்த ஒரு விறாந்தை, நடுவில் ஒரு மரக்கதவு, இரு புறமும் யன்னல். வீட்டின் முகம் இருபது அடி அகலம் இருக்கும். இடப்பக்கச் சுவர் ஒரு வீட்டுக்கு, வலப்பக்கச் சுவர் இன்னொரு வீட்டுக்கு. "இவ்வளவுதானா?" என்று என் மனம் கேட்டது. கைப்பைக்குள் இருந்த பிளான் கொஞ்சம் பெருமையாக அசைந்ததோ என்னவோ!

கூரையில்லாத அறை

காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு எழுந்து வந்தபோதுதான் அந்த வீட்டை நான் சரியாகப் பார்த்தேன்.

முன் ஹோலைத் தாண்டினால் ஒரு முற்றம். பெரிதல்ல, பன்னிரண்டடிக்குப் பதினான்கடி என்று ராத்தா சொன்னார். நாற்புறமும் ஓட்டுத் தாழ்வாரம். முற்றத்தைச் சுற்றி மூன்று படுக்கையறைகள், அதற்கப்பால் சாப்பாட்டு அறை, பின்னால் குசினி, கிணறு. அவ்வளவுதான் முழு வீடும். முற்றத்து மூலையில் ரம்பை, கறிவேப்பிலை, ஒரு மல்லிகைக் கொடி.

அந்த முற்றத்தில் ராத்தாவின் மாமி ஒரு வாங்கில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய மனுஷி. தலையில் முக்காடு இல்லை. நரைத்த கூந்தலை வெயிலில் காய விட்டிருந்தார். வீதிக்கும் அவருக்கும் இடையில் முப்பதடி தூரம்கூட இருக்காது. வீதியில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் கூட்டமாகப் போகும் சத்தம் கேட்டது. ஆனால் ஒரு கண்ணும் அவரைக் காண முடியாது. அவர் காண்பது வானத்தை.

என் தம்பி வீட்டு ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஊரில் பெயர் சொல்லும் பெரிய வீடு. காணியின் எல்லை மட்டும் கட்டிவிட்டதால் அவனது யன்னலுக்கு நேரே அடுத்த வீட்டு யன்னல். எனவே எல்லா யன்னலுக்கும் தடித்த திரை. நண்பகலிலும் லைட் போட்டால்தான் ஹோலில் முகம் தெரியும். தம்பியின் மனைவிக்கு வெயில் வேண்டுமென்றால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். எட்டு அறை இருக்கும் வீட்டில், ஒரு பெண் முக்காடில்லாமல் வானத்தைப் பார்க்க ஓர் இடம் இல்லை!

"2022 இல கரன்ட் இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டோம்! உங்களுக்கு எப்படி மாமி?" என்று கேட்டேன்.

மாமி சுளகை நிறுத்தாமலே சொன்னார்: "பகலில கரன்ட் போனாலும் எங்களுக்குத் தெரியாது மகள். ராவைக்குத்தான் தெரியும்."

அந்த வருடம் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, தம்பியின் வீட்டில் எல்லோரும் வெளியே ஒழுங்கையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குளிர்ச்சிக்கு மந்திரம் எதுவும் இல்லை. சூடான காற்று மேலே எழும். முற்றத்தின் வழியாக வெளியேறும். அது போன இடத்துக்கு நிழலான விறாந்தையிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வாசற்கதவும் ஹோல் கதவும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். சுவர்களோ முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஓட்டுக்கூரை உயரத்தில் இருப்பதால் சூடு தலைக்கு மேலேயே நின்றுவிடும்.

அன்று லுஹர் நேரத்தில் மழை பெய்தது. ஓடுகளிலிருந்து நாற்புறமும் தண்ணீர் முற்றத்தில் விழுந்தது. என் மகள் தாழ்வாரத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டி மழையைத் தொட்டபடி இருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். ஊரில் மழை வந்தால் யன்னலைச் சாத்துவதுதான் அவளுடைய வேலை.

ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

இதைப் படிக்கும் சகோதரிகள், நான் ஏழ்மையைப் புகழ்வதாக எண்ணிவிடக் கூடாது. ராத்தாவின் வீட்டில் ஆடம்பரம் இருந்தது. வாசற்கதவு ஒரே பலகையாய் இழைத்த பலா மரம். கையை வைத்தால் கண்ணாடிபோல வழுக்கும். நிலம் மெருகிட்ட சீமெந்து, வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. தாழ்வாரத்தில் வயதான ஒரு கருங்காலிக் கட்டில். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. வீடு சிறிதாக இருந்ததால்தான் ஒவ்வொன்றையும் நல்லதாகச் செய்ய முடிந்திருக்கிறது. 3,400 சதுர அடிக்கு ஆசைப்பட்ட நான், கதவுக்கு மலிவுப் பலகையும் நிலத்துக்கு இருப்பதில் குறைந்த டைல்ஸும் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தேன்!

இந்த உண்மையை வெளிநாட்டவர் நமக்கு முன்னர் கண்டுகொண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை வீடுகளை அவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். விலை ஏறியது. முஸ்லிம் குடும்பங்கள் பலவும் விற்றுவிட்டு வெளியே போயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்கு ஏழு வாரிசு இருந்தால் முற்றத்தைப் பங்கு போட முடியுமா? பழைய சுண்ணாம்புச் சுவரைப் பராமரிப்பதும் லேசான காரியமல்ல. ஓர் ஓட்டை மாற்றுவதற்கும் விதிமுறை உண்டு. ஆனால் ஒன்று. அப்படி விற்கப்பட்ட வீடுகள் பல இன்று ஹோட்டல்களாகிவிட்டன. அதே சிறிய அறையில், அதே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் இரவு தூங்குவதற்கு உலகின் மறுபக்கத்திலிருந்து பணம் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பாவாவின் வீடு

ராத்தாவின் மகன் கட்டடக்கலை படிக்கிறான். என் பிளானை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "சாச்சி, கொழும்பால போறதெண்டா ஒரு வீட்டக் காட்டுறேன்" என்றான். இரண்டு நாள் கழித்து மூவருமாக ரெயில் ஏறினோம்.

அவன் கூட்டிப்போனது கொழும்பில் பகதலே வீதியை அடுத்த 33 ஆம் ஒழுங்கைக்கு. ஜெப்ரி பாவா வாழ்ந்த வீடு. பாவா என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றுவது சரிதான். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் காலிப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிம் சட்டத்தரணி. 1919 ஆம் ஆண்டில் பிறந்து 2003 ஆம் ஆண்டில் காலமான ஜெப்ரி பாவாதான், 1982 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர். நாட்டின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்றைக் கட்டியவர் தனக்கென்று எப்படிப்பட்ட வீட்டைத் தேர்ந்துகொண்டார்?

முட்டுச் சந்து ஒன்றில் வரிசையாக நான்கு சிறிய வீடுகள் இருந்தன. 1958 ஆம் ஆண்டில் அவற்றில் மூன்றாவதை அவர் எடுத்தார். ஓர் இருப்பறை, ஒரு படுக்கையறை, ஒரு சிறு குசினி, பணியாளுக்கு ஓர் அறை, தொடக்கத்தில் அவ்வளவே. பின்னர் ஒவ்வொன்றாக மற்ற மூன்றும் அவர் கைக்கு வந்தன. முதலாவதை எடுத்துவிட்டு அங்கே மாடிகளும் கட்டினார். ஆகவே முடிவில் அது சிறிய வீடல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான்கு வீடும் கிடைத்த பின்னரும் அவர் நடுச்சுவர்களை எல்லாம் இடித்து ஒரு பெரிய மண்டபம் ஆக்கவில்லை. நீளமான வெள்ளை நடையொன்று. அதன் இரு புறமும் சிறு சிறு அறைகள். இடையிடையே வானத்துக்குத் திறந்த குட்டி முற்றங்கள். சில முற்றங்களில் ஒரு மரமும் இரண்டு சாடியும் வைத்தால் இடம் முடிந்துவிடும். ஆனால் எந்த அறையில் நின்றாலும் எங்கிருந்தோ வெளிச்சம் வருகிறது. நடையின் முடிவில், செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களுக்கு நடுவில், ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரே பார்வையில முழுசும் தெரிஞ்சா வீடு சின்னனாப் போயிரும் சாச்சி. கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சா சின்ன இடமும் விசாலமா இரிக்கும்" என்று விளக்கினான்.

பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960 களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா கட்டிய வீட்டைப் பற்றியும் சொன்னான். இரும்புக்கும் கண்ணாடிக்கும் தட்டுப்பாடான காலம். ஓடு, மரம், சுவர் இவற்றைக் கொண்டே, வீதிக்கு முதுகைக் காட்டி, நடு முற்றத்தை நோக்கித் திரும்பிய வீடாக அதைக் கட்டினாராம். பிற்காலத்தில் அந்தக் காணி விற்கப்பட்டபோது, வீட்டை இடித்துக் குப்பையில் போட மனம் வராமல், பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டு போய்ப் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். கழற்றிக்கொண்டு போகும் அளவுக்கு ஒரு வீட்டின்மேல் மனிதர்களுக்குப் பாசம் வருமா? அதன் சதுர அடிக்காக வந்த பாசமாக அது இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

விசாலம் என்றால் என்ன?

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்களே! ஸாலிஹான மனைவி, நல்ல அயலவர், வசதியான வாகனம் ஆகியவற்றோடு சேர்த்துக் கூறப்பட்ட பேறு அது. அப்படியானால் பெரிதாகக் கட்ட நினைத்தது தவறா?

தவறில்லை. பிள்ளை குட்டிகளோடு நெருக்கடிப்பட்டு வாழ்வதில் எந்தச் சிறப்பும் இல்லை. தேவைப்பட்டவருக்கு அறைகள் வேண்டும்தான். ஆனால் அந்தப் பேறைப் பற்றிச் சொன்ன நபியவர்களின் வீடு எப்படி இருந்தது? ஆயிஷா (ரழி) அவர்களின் அறையில், நபியவர்கள் இரவில் ஸுஜூது செய்யும்போது அன்னையவர்கள் தமது கால்களை மடக்கிக்கொள்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. சிறு வயதில் அந்த வீடுகளுக்குள் போனதாகவும், கையை உயர்த்தினால் கூரை தொடும் என்றும் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டில் மேலதிகமாக வைக்கப்படும் படுக்கையைக் குறித்து நபியவர்கள் எச்சரித்ததையும் நாம் கேட்டிருக்கிறோம்: கணவனுக்கொன்று, மனைவிக்கொன்று, விருந்தாளிக்கொன்று, நான்காவது ஷைத்தானுக்கு. அப்படியானால் யாரும் படுக்காத என் நான்காவது, ஐந்தாவது அறைகளில் யார் குடியிருக்கப் போகிறார்?

விசாலம் என்பது நெஞ்சு இறுகாமல் இருப்பது. வெளிச்சமும் காற்றும் மறைவும் ஒன்றாகக் கிடைப்பது. வந்தவரை முகம் கோணாமல் உட்கார வைப்பது. முக்கியமாக, வீட்டில் இருக்க வேண்டியவர் வீட்டில் இருப்பது.

இரண்டாவது பிளான்

ஊருக்கு வந்து மேசன் பாஸைக் கூப்பிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டோம். பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடி. கீழ்த்தட்டில் 1,250 சதுர அடிக்குள் வீடு. அதற்குள் பன்னிரண்டடிக்குப் பதினான்கடி முற்றம். மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, ஒரு குசினி, வீதிப் பக்கம் ஆண்கள் உட்கார நல்ல விறாந்தை. தேவை வந்தால் பின்னர் உயர்த்துவதற்கு அத்திவாரத்தைப் பலமாகப் போடுவது. வாசற்கதவு பலா மரம். அதில் மட்டும் கை இறுக்குவதில்லை.

"முத்தத்துக்கு மூடி போடாம உடுறதா? மழை வருமே, கள்ளன் வருவானே?" என்று பாஸ் கேட்டார். நியாயமான கேள்விதான். தாழ்வாரத்தை மூன்றடி இறக்குவது, தண்ணீர் வெளியேறக் குழாய் வைப்பது, மேலே இரும்புக் கம்பி வலை பூட்டுவது என்று முடிவாயிற்று.

அடுத்த கேள்வி உம்மாவிடமிருந்து வந்தது. "மாப்பிள ஊட்டாக்கள் வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க மகள்?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. பிளானைக் காட்டியதும் ஒரு சம்பந்தம் மெதுவாக விலகிப் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. செய்தது சரிதானா என்று மகளின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அவள்தான் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அந்த முத்தம் போதும் உம்மா. வாப்பா வந்துரட்டும்" என்றாள்.

கணவருக்குப் புதிய கணக்கை அனுப்பினேன். ஐந்து வருடம் என்பது இரண்டு வருடமாகியிருந்தது. வெகு நேரம் அவரிடமிருந்து பதில் இல்லை. பிறகு போன் வந்தது. "மூணு வருசம் மிச்சம் எண்டு சொல்றியா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் கடைசி மகனுக்கு ஒன்பது வயது. அவன் பிறந்ததிலிருந்து வாப்பாவோடு கழித்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் வராது. அந்த மூன்று வருடத்தை எந்தச் சதுர அடியில் அளப்பது?

இப்போது அத்திவாரம் முடிந்து சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நடுவில் முற்றத்துக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வேலையாட்கள் போன பின்னர், அஸருக்குப் பிறகு, நானும் மகளும் அங்கே போய் நிற்போம். சுற்றிலும் அரைச் சுவர், மேலே வானம். பார்ப்பவர்களுக்கு அது முடியாத வீடாகத் தெரியலாம். எங்களுக்கு அங்கே ஏற்கெனவே காற்று வரத் தொடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! பிளான் வரையப்போகும் முன்னர் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். எத்தனை அறை வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த அறைகளில் இருக்கப்போவது யார், அதற்காகத் தூரத்தில் இருக்கப்போவது யார் என்றும் கேளுங்கள்.